எஸ்டேட் மாப்பிள்ளையின் தூண்டில்

கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு ஒருவர் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணமாகி ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் அது. அவர் கையில் மெல்லிய, நீளமான கோல். அதன் நுனியிலிருந்து மஞ்சளாக, கொஞ்சம் தடித்த நூல் ஒன்று முன்னும் பின்னும் போய்வந்தது. தலைக்கு மேலே ஒரு தடவை வளைந்தது, முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை வளைந்தது, கடைசியில் முழுசாக நீண்டு தண்ணீரில் சத்தமில்லாமல் படிந்தது. என்ன செய்கிறார் என்று என் கணவரிடம் கேட்டேன். மீன் பிடிக்கிறார் என்றார். பிடித்து என்ன செய்வார் என்றேன்.

“திரும்ப விட்டுருவாரு,” என்றார், அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை என்பது போல.

ஊரில் அவருக்குப் பெயர் எஸ்டேட் மாப்பிள்ளை. மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். ஓய்வு பெற்றதும் பெண்டாட்டி ஊருக்கே வந்து வீடு கட்டிக்கொண்டார். தலை முழுக்க நரைத்த பிறகும் ஊரில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். அவர் மனைவி என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதனால் என் கணவருக்கு அவர் மச்சான், எனக்கு அண்ணன். இப்போது அவர் இல்லை. கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். கண்மாய் வழியாக, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறப் போகும்போது அந்த இடத்தில் இன்னும் என் கண் ஒரு தடவை நிற்கும்.

அவருடைய தூண்டிலில் புழு இருக்காது. சேவல் இறகையும் பட்டுநூலையும் முள்ளில் சுற்றி, ஈ மாதிரி, தட்டாரப்பூச்சி மாதிரி அவரே செய்வார். எஸ்டேட்டு மேனேஜர்கள் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்ற மீனை அப்படித்தான் பிடிப்பார்களாம். ஜீப்பில் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். பிறகு ஓடைகளைக் கண்காணிக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான், இந்த அளவுக்குக் குறைந்ததைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், முட்டையிடும் மாதங்களில் ஓடைப் பக்கமே போகக் கூடாது என்றெல்லாம் உண்டு. இந்தச் சட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரியம் தெரியும். நமக்குப் பிடித்த உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்வார்.

“சட்டம் மீனுக்கு இல்ல தாயி. நமக்குத்தான். கை தானா நீளுது பாருங்க, அதுக்கு,” என்று ஒருநாள் சொன்னார்.

எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிடுவார் என்று என் கணவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று பிறகு தெரிந்தது. ஜிலேபி மீன் மாட்டினால் விட மாட்டார். அது வெளியிலிருந்து வந்து நம்முடைய கெண்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன் என்று வீட்டுக்கு எடுத்துப் போவார். கெண்டையை விட்டுவிடுவார். விராலை மழைக்காலத்தில் தொடவே மாட்டார். தூண்டில் முள்ளில், மாட்டிய மீன் கழன்று போகாதபடி உள்பக்கமாக ஒரு சின்னக் கூர் இருக்கும். அதைக் குறட்டால் நசுக்கிவிடுவார். அதனால் மாட்டுவதில் பாதி தானாகவே கழன்று ஓடிவிடும். ஓடிய இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வீசுவார்.

விடத்தான் போகிறீர்கள் என்றால் எதற்குப் பிடிக்கிறீர்கள், மீனுக்கு வலிக்காதா என்று நான் ஒருமுறை கேட்டேன். வேறு யாராவது என்றால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவர் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தார்.

“வலிக்கத்தான் செய்யும். வலிக்காதுன்னு சொல்றவன் பொய் சொல்றான். எனக்கு இது பிடிச்சிருக்கு, அதனால செய்யிறேன். செய்யிறதுக்கு நான் ஏதாச்சும் திருப்பித் தரணும்ல,” என்றார்.

என்ன தருவார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதிலே எனக்குப் போதுமாக இருந்தது.

அவரால் அதிகம் கஷ்டப்பட்டது அண்ணிதான். புருஷன் தினமும் மீன் பிடிக்கப் போகிறார், அண்ணி மீமிசலிலிருந்து டிவிஎஸ்ஸில் வரும் மீன்காரரிடம் மீன் வாங்குகிறார் என்று ஊரில் கேலி. அந்த மீன்காரரையும் அண்ணன் விட்டுவைக்கவில்லை. கூடையைக் கிளறி, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்களைத் தனியே எடுத்து வைத்து, இதெல்லாம் ஏன் வலையில் ஏறியது என்று விசாரிப்பார். கோடையில் மீன்பிடித் தடை இருக்கும் நாட்களில் இன்னும் மோசம். இது பெரிய விசைப்படகு பிடித்ததா, நாட்டுப் படகு பிடித்ததா என்று தெரியாமல் வாங்க விட மாட்டார். தடை பெரிய போட்டுக்குத்தான், எங்கள் வள்ளத்துக்கு இல்லை என்று மீன்காரர் அலுக்காமல் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். கடைசியில் மீன்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தெருவுக்குள் நுழையும் முன்பே சின்ன மீனையெல்லாம் ஐஸுக்கு அடியில் தள்ளிவிடுவார். அண்ணி அதைத் தோண்டி எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார். அண்ணன் அதைச் சாப்பிடும்போது ஒன்றும் கேட்க மாட்டார். தெரிந்துதான் சாப்பிடுகிறாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

புதுக்கோட்டையிலிருந்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் விலை உயர்ந்த தூண்டில்களோடு பைக்கில் வருவார்கள். ரப்பர் தவளையை வீசி விரால் பிடிப்பார்கள். விரால் குஞ்சு பொரித்தால், செக்கச்செவேலென்று குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் சுற்றும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ரப்பர் தவளையைப் போட்டால் தாய் மீன் பாய்ந்து கவ்வும். நான் பார்த்த அன்று ஒரு பையன் அப்படிக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, குஞ்சுகளுக்கும் அவனுக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டார். கோபமே இல்லை.

“தம்பி, அது பசிக்கு வாயத் தொறக்கல. புள்ளையக் காப்பாத்த வருது. அதப் புடிக்கிறதுல ஒங்களுக்கு என்ன தெறமை இருக்கு?”

அவர்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நான் நன்றாகச் சொன்னீர்கள் என்றேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, அவர்கள் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத்தான் போகிறார்கள் என்றார். “அங்கிட்டும் விரால் இருக்கு. நிக்கத்தான் ஆளு இல்ல.”

அவர் ரொம்ப மதித்தது எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழாவை. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீராகும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகுதான் ஊர் முழுக்க வலையும் ஊத்தாக் கூடையுமாக இறங்கும். அதுவரை ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். எஸ்டேட்டில் போர்டு, சீட்டு, அபராதம் எல்லாம் வைத்தும் திருட்டுத்தனமாகப் பிடித்தார்கள், இங்கே ஒரு துண்டு போதுமாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுவார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. மடைக்கு முன்னால் ஆழமாக ஒரு பள்ளம் உண்டு. கண்மாய் வற்றினாலும் அதில் தண்ணீர் நிற்கும். அதை மட்டும் தொடாமல் விட்டால் அடுத்த மழைக்கு விதை மீன் இருக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் வருஷா வருஷம் எழுந்து நின்று சொல்வார். விட்டு வைத்தால் கொக்குதான் தின்னும் என்று யாராவது சொல்வார்கள். கொக்கு தின்றாலும் மிச்சம் வைக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இதுவரை சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஊருக்கு வாய்த்த நல்ல மனிதர் என்று தோன்றும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டுத் திரும்பி வந்தார். பாரம் தூக்க முடியாது, வெயிலில் நிற்க முடியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் அவர் பேச்சே குறைந்துபோனது. பிறகு யாரோ சொல்லி, நிலக்கடலை போடும் நிலத்தின் ஓரத்தில் ஒரு குட்டை வெட்டினார். ஒரு ஏஜெண்டு வந்து குஞ்சு கொண்டுவந்து விட்டான். சீக்கிரம் வளரும் கெளுத்தி, கோழிக்கடைக் கழிவு போட்டால் போதும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். காலையும் மாலையும் குட்டைக்குப் போய்வருவதில் என் கணவருக்கு மறுபடி உயிர் வந்தது. சாப்பிடும்போது என்னோடு பேச ஆரம்பித்தார். அந்த மீன்களை எனக்குப் பிடிக்காது. கறுப்பாக, மீசையோடு, தீனி போட்டால் தண்ணீரே கொதிப்பது போலப் புரளும். ஆனால் அவரைப் பேச வைத்ததற்காக நான் அவற்றுக்கு மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

மச்சானுக்குக் காட்ட வேண்டும் என்று அவர்தான் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் ஒரு மீனைப் பிடித்துத் தரச் சொல்லி, வாளியில் போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கரையில் உட்கார்ந்தார். இது ஆப்பிரிக்கக் கெளுத்தி, இதை வளர்க்க அரசாங்கம் தடை போட்டிருக்கிறது என்றார். குட்டை ஒருமுறை நிரம்பி வழிந்தால் கண்மாய்க்குள் போய்விடும், போனால் கெண்டை, விரால், தவளை எதையும் விடாது, ஈரத்தில் ஊர்ந்து அடுத்த கண்மாய்க்கும் போகும் என்றார். எல்லா ஊரிலும்தானே வளர்க்கிறார்கள், ஏஜெண்டு ஒன்றும் சொல்லவில்லையே என்றார் என் கணவர். கரையை உயர்த்திக் கட்டிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

அண்ணன் எழுந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன், அதனால் அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

“மழைக்கு முந்தி எடுத்துரு மாப்ளே. எடுக்க நானும் வாரேன், வேற நல்ல குஞ்சு எங்க கெடைக்கும்னு அலைஞ்சு வாங்கித் தாரேன். எடுக்கலன்னா நானே மீன்வளத்துறை ஆபீசுல போயி சொல்லிருவேன். ஒனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். அதான் இப்பவே சொல்றேன்.”

என் கணவர் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகும், மச்சான் சும்மா மிரட்டுகிறார், அக்கா முகத்துக்காகவாவது செய்ய மாட்டார் என்றார். எடுத்துவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடை கூடட்டும் என்று ஏஜெண்டு தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. அண்ணன் இடையில் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போல வந்தார், டீ குடித்தார், போனார்.

முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் வாசலில் குடையோடு நின்றார்.

“எடுத்தாச்சா தாயி?”

இன்னும் இல்லை அண்ணே என்றேன். உள்ளே வாங்க, டீ போடுகிறேன் என்றேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். புதுக்கோட்டை பஸ் வரும் நேரம் அது. குடையை மடக்கி பஸ்ஸில் ஏறுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். உள்ளே படுத்திருந்த என் கணவரை எழுப்பிச் சொன்னேன். அப்போதும் அவர் நம்பவில்லை.

மீன்வளத் துறையிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, பள்ளம் தோண்டி, மீன்களைக் கொட்டி, மேலே பிளீச்சிங் பவுடர் போட்டு மூடினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த ஆட்களோடு அண்ணனும் சேற்றில் இறங்கியிருந்தார். தண்ணீர் வெளியேறும் இடத்தில் வலையைக் கட்டச் சொன்னதும், சேற்றுக்குள் புதைந்துகொண்ட மீன்களைக் கையால் துழாவி எடுத்ததும் அவர்தான். மீனின் பக்கமுள் குத்தி இரண்டு கையிலும் ரத்தம். என் கணவர் மோட்டார் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து, அண்ணன் கை கழுவ எங்கள் பம்புசெட்டுக்குத்தான் வந்தார். நான் சோப்பு எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

“ஒரு மீனுக்காக ஒறவ விட்டுட்டீங்கள்ல மச்சான்?”

“மீனுக்காக இல்ல மாப்ளே,” என்றார் அவர். ஈரக் கையோடு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அவர் பேச்சு நின்றது. பங்காளி வீடுகளும் அவரோடு பேசுவதை விட்டன. எதற்கெடுத்தாலும் தம்பி தம்பி என்று வந்து நின்ற அண்ணி, என் கணவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார். அண்ணன் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் ஒருநாள்கூட அவர் ஏமாற்றிவிட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னதைச் செய்த ஒருவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடைத் திருவிழாவில் ஒருவரின் ஊத்தாக் கூடைக்குள் கறுப்பாக, மீசையோடு, முழங்கை நீளத்தில் ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. அந்த முதல் மழையிலேயே கொஞ்சம் வழிந்து போயிருக்கிறது. வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் கரையில் மூங்கில் குச்சியோடு உட்கார ஆரம்பித்தார். இறகுப் பூச்சியை ஆப்பிரிக்கக் கெளுத்தி மதிக்காது. அதற்கு நாற்றம் வேண்டும். புழு வைத்துப் பிடிப்பதையே கேவலமாக நினைத்தவர், ஆலங்குடிக் கோழிக்கடையில் குடலை வாங்கி கேரி பேக்கில் கொண்டுவந்தார். நாற்றம் தாங்காமல் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு நடந்தே கொண்டுவந்தார். மடைப் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து, மிதவையைப் பார்த்துக்கொண்டு, மாட்டியதைக் கல்லால் அடித்துக் கொல்வார். கொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொன்றதைத் தென்னைக்கு அடியில் புதைப்பார். சாப்பிடலாமே, யாருக்காவது கொடுக்கலாமே என்று கேட்டவர்களிடம், ருசி கண்டுவிட்டால் நாளைக்கு ஊரே வளர்க்கும் என்றார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் மதியச் சோறு இறங்குவதில்லை என்று அண்ணி சொன்னார். இறகுத் தூண்டிலை அவர் தொடவே இல்லை. அதற்கு நேரமும் இல்லை.

சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வழியில் என் கணவர் தினமும் அவரைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு வார்த்தை இல்லை. மழைக்காலம் வந்தது, தண்ணீர் ஏறியது, அவர் கரையில் மேடாகத் தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடுத்த கோடையும் வந்தது. ஒருநாள் காலை பால் பாத்திரத்தோடு போன என் கணவர் வெயில் ஏறியும் வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதோ என்று பயந்து நான் தேடிக்கொண்டு போனேன். கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் நாலு ஆள் உட்காரும் இடம் விட்டு. இருவர் கையிலும் மூங்கில் குச்சி. நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கை காலெல்லாம் கழுவிய பிறகு அவராகவே சொன்னார். இது என்றைக்காவது தீருமா மச்சான் என்று கேட்டாராம். தீராது என்றாராம் அவர். பிறகு எதற்காக என்று கேட்டதற்கு, நம்ம விட்டது, நம்மளால முடிஞ்ச மட்டும் எடுக்கணும்ல என்றாராம்.

“நம்ம விட்டதுங்குறாரு,” என்றார் என் கணவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் மச்சானையும் சாப்பிடக் கூப்பிடு என்றார்.

என்ன சமைப்பது என்று எனக்கு ஒரே குழப்பம். மீன் வைத்தாலும் தப்பு, மீனைத் தவிர்த்தது போலத் தெரிந்தாலும் தப்பு. கடைசியில் நாட்டுக்கோழி அடித்தேன். அண்ணி வந்ததும் நேரே அடுப்படிக்கு வந்து எனக்குக் கரண்டி பிடித்தார். வெளியே இருவரும் மழை தள்ளிப்போவதைப் பற்றி, கடலை விலையைப் பற்றி, என் கணவரின் முதுகு வலியைப் பற்றிப் பேசினார்கள். சாப்பாடு பாதியில் என் கணவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, குனிந்தபடி கேட்டார்.

“வேற ஒரு ஆளா இருந்தா போயி சொல்லியிருப்பீங்களா மச்சான்? நான்ங்குறதாலதானே வெரட்டிப் புடிச்சீங்க?”

அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். எப்போதும் போல யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“வேற ஆளா இருந்தா அவன்கிட்ட ஒன்னும் சொல்லியிருக்க மாட்டேன். பாத்த அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். நீங்குறதாலதான் மழை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள கொஞ்சம் ஓடிப்போச்சு.”

அடுப்படி வாசலில் அண்ணி அப்படியே நின்றார். என் கணவர் தலையை நிமிர்த்தி மச்சானைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி,” என்றார்.